ட்ரீம்காஸ்டை முடித்தது சனியா, சோனியா?

சனிப்பெயர்ச்சி (திரி தொடங்கியவர்) · இரவு 9:12

நேற்று பழைய பெட்டிகள் திரியில் நெல்லைக்_கன்ட்ரோலர் போகிற போக்கில் ஒரு வரி போட்டுவிட்டுப் போனார்: “ட்ரீம்காஸ்ட் நல்ல மெஷின்தான், பிஎஸ்2 வந்து காலி பண்ணிருச்சு.” அதற்கு ஏகப்பட்ட லைக் வேறு. அங்கே அட்டாரி பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறவர்களைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று தனித் திரி திறக்கிறேன். புதியவர்களுக்கு: ட்ரீம்காஸ்ட் செகா கம்பெனி செய்த கடைசி கேம் பெட்டி, பிஎஸ்2 அதற்குப் போட்டியாக சோனி இறக்கிய பிளேஸ்டேஷன் 2.

என் கட்சி இதுதான். செகாவின் கதையை முடித்தது சோனி இல்லை, சனி. ட்ரீம்காஸ்டுக்கு முந்தைய பெட்டிக்கு சாட்டர்ன் என்று ஆசையாகப் பெயர் வைத்தார்களே, அந்தச் சனி.

முதலில் தேதிகளைப் பாருங்கள். பிஎஸ்2 வட அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது 2000 அக்டோபர் 26. ட்ரீம்காஸ்டை நிறுத்துகிறோம் என்று செகா அறிவித்தது 2001 ஜனவரி 31. நடுவில் 97 நாள். 97 நாளில் ஒரு கம்பெனி படுத்துவிடுமா? ஏற்கெனவே ஐசியூவில் கிடந்திருந்தால் படுக்கும்.

எப்படி ஐசியூவுக்குப் போனது? சாட்டர்னுக்கும் முந்தைய பெட்டியான மெகா டிரைவ் காலத்தில் செகா அமெரிக்காவில் ராஜா. 1990-இல் செகா அமெரிக்காவின் பொறுப்புக்கு வந்த டாம் கலின்ஸ்கி அதற்கு முன் மேட்டலில் பார்பி பொம்மை விற்றவர். விலையைக் குறைத்தார், பெட்டியோடு சோனிக் கேமைச் சேர்த்துக் கொடுத்தார், நின்டெண்டோவை நேருக்கு நேர் சீண்டி விளம்பரம் போட்டார். அதெல்லாம் பொற்காலம். பிறகு 1994 நவம்பர் வந்தது. அமெரிக்காவில் மெகா டிரைவின் தலையில் செருகிக்கொள்ள 32எக்ஸ் என்று ஒரு காளானை 159 டாலருக்கு இறக்கினார்கள். அதே மாதம் 22-ஆம் தேதி ஜப்பானில் சாட்டர்ன் வெளியானது. பழைய வீட்டுக்கு மாடி எடுக்க ஒருவரிடம் காசு வாங்கிக்கொண்டு, பக்கத்து மனையில் புது வீட்டுக்குப் பூமி பூஜை போட்ட கதை. மாடிக்குக் காசு கொடுத்தவன் என்ன நினைப்பான்?

அடுத்தது 1995 மே 11, லாஸ் ஏஞ்சலஸ், முதல் இ3 வீடியோ கேம் கண்காட்சி. அமெரிக்காவில் சாட்டர்ன் செப்டம்பர் 2 சனிக்கிழமை வரும் என்று ஊருக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது. கலின்ஸ்கி மேடையேறி, “இன்றைக்கே கடையில் இருக்கிறது, விலை 399” என்றார். நான்கே நான்கு கடைச் சங்கிலிகளுக்கு மட்டும் சரக்கு போயிருந்தது. வால்மார்ட், பெஸ்ட் பை, கேபி டாய்ஸ் யாருக்கும் கிடையாது. கேபி டாய்ஸ் கோபத்தில் சாட்டர்னை விற்கவே மாட்டோம் என்றுவிட்டது. செப்டம்பரை நம்பி கேம் எழுதிக்கொண்டிருந்தவர்கள் பாதி வேலையில் நின்றார்கள். கடையில் பெட்டி இருந்தது, போட்டு ஆடக் கேம் இல்லை. இத்தனைக்கும் அந்த முடிவு ஜப்பான் தலைமையிடமிருந்து வந்தது, கலின்ஸ்கிக்கே அதில் இஷ்டமில்லை.

அதே நாளில் சோனியின் ஸ்டீவ் ரேஸ் மேடையேறி “299” என்ற ஒற்றை எண்ணை மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். கைதட்டல்.

செகாவுக்கு எப்போதுமே நாள் பார்க்கத் தெரியாது. அதன் முதல் பெட்டி எஸ்ஜி-1000 வெளிவந்தது 1983 ஜூலை 15. நின்டெண்டோவின் ஃபேமிகாம் வெளிவந்ததும் அதே நாள்!

நெல்லைக்_கன்ட்ரோலர் · இரவு 9:47

அண்ணாச்சி, 97 நாள் கணக்கு கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா ஆரம்பப் புள்ளியைத் தப்பா வச்சிட்டு அளக்குதீங்க.

பிஎஸ்2-ஐ சோனி டோக்கியோவுல அறிவிச்சது 1999 மார்ச் 2. அப்போ ட்ரீம்காஸ்ட் ஜப்பானுக்கு வந்து மூணே மாசம் (1998 நவம்பர் 27). அமெரிக்காவுக்கு வரவே இல்ல. அன்னைக்கே அதோட செயலிக்கு “எமோஷன் எஞ்சின்”னு ஒரு பேரைச் சொல்லி, பழைய பிளேஸ்டேஷன் கேம் எல்லாம் இதுலயும் ஓடும், டிவிடியும் ஓடும்னு சொல்லிட்டான். அதுக்கப்புறம் ட்ரீம்காஸ்ட் வாங்கப் போறவன் ஒவ்வொருத்தன் மனசுலயும் “கொஞ்சம் பொறுத்துப் பாப்போமே”ன்னு ஒரு குரல் கேட்டிருக்கும்லா? சரக்கே இல்லாம வெறும் அறிவிப்பால எதிராளி கடையைக் காலியாக்குன வித்தை அது. 97 நாள் இல்ல, ரெண்டு வருசம்.

2000 மார்ச் 4-ல ஜப்பான்ல பிஎஸ்2 வந்துச்சு, 39,800 யென். அந்த வார இறுதிக்குள்ளயே ஒன்பது லட்சத்துக்கு மேல போயிருச்சு. அந்தக் காலத்துல டிவிடி பிளேயர் தனியா வாங்குனாலும் கிட்டத்தட்ட அதே காசு. அப்பாகிட்ட “கேம் பெட்டி வேணும்”னு கேட்டா அடி விழும். “படம் பாக்க டிவிடி, கூடவே கேமும் ஆடலாம்”னு கேட்டா யோசிப்பாரு. செகாவோட ஜிடி-ராம் தட்டுல கொள்ளளவு 1 ஜிபி, சினிமாவும் ஓடாது.

இப்ப நீங்க சொன்ன சனிக்கு வாறேன். ‘ஏமாந்தவன் திரும்ப வாங்க மாட்டான்’, இதுதான உங்க வாதம்? அப்ப இதுக்குப் பதில் சொல்லுங்க. சாட்டர்ன் படுத்துப்போன ஊரு அமெரிக்கா. 9.9.99 அன்னைக்கு அதே அமெரிக்காவுல ட்ரீம்காஸ்ட் 24 மணி நேரத்துல 9.84 கோடி டாலருக்கு வித்துச்சு. பதினெட்டு கேமோட இறக்குனான், 199 டாலர்தான். சாட்டர்ன் நல்லா ஓடுன ஊரு ஜப்பான். அங்க நின்டெண்டோ 64-ஐயே அது முந்திருச்சு. ஜூடோ உடுப்பு போட்ட செகாட்டா சன்ஷிரோ விளம்பரத்தைப் பாத்து சனம் சிரிச்சுக்கிட்டே வாங்குச்சு. அந்த ஊர்லதான் ட்ரீம்காஸ்ட் தேறல, 22 லட்சத்துச் சொச்சத்துலயே நின்னுட்டு.

ஏமாந்த ஊர்ல வரிசை கட்டி நிக்கான். ஏமாறாத ஊர்ல கடை ஈ ஓட்டுது. உங்க சனி தியரி தலைகீழால்லா போகுது?

பனிமனிதன்_ஸ்கார்பரோ · இரவு 10:05

இரண்டு பேருக்கும் வணக்கம். நான் 95இலை கனடா ஸ்கார்பரோவிலை ஒரு கேம் கடையிலை சனி ஞாயிறிலை வேலை செய்தனான். பள்ளிக்கூடம் படிச்சுக்கொண்டிருந்த காலம்.

மெகா டிரைவை இஞ்சை ஜெனிசிஸ் எண்டுதான் சொல்லுவினம். கண்ணாடி அலுமாரிக்குள்ளை ஒரு செட் காட்சிக்கு வைச்சிருந்தம்: கீழை சிடி டிரைவ், நடுவிலை ஜெனிசிஸ், மேலை 32எக்ஸ். மூண்டுக்கும் தனித்தனி அடாப்டர். ஒவ்வொண்டும் செங்கல் மாதிரி. ஒரு பவர் பாரிலை மூண்டையும் குத்தினா பக்கத்துத் துளையள் எல்லாம் மூடுப்பட்டுப் போகும், பிறகு டீவிக்கு இடம் இல்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் காலமை அதைத் துடைச்சு வயரைப் பொருத்துறது என்ரை வேலை. கடைசியிலை 32எக்ஸ் அமெரிக்காவிலை 20 டொலருக்கு வந்து நிண்டது. நானும் கழிவு விலையிலைதான் ஒண்டு எடுத்தனான், இப்பவும் இருக்கு.

நெல்லையின்ரை கேள்விக்கு என்ரை பதில் என்னெண்டால், கோவம் பிள்ளையளுக்கு இல்லை, கடைக்காரருக்கு. பிள்ளையள் நல்ல கேமைக் கண்டால் மறந்திடுவினம். எந்தப் பெட்டியைக் கண் உயரத்துத் தட்டிலை வைக்கிறது, எதைக் குனிஞ்சு பார்க்கிற இடத்திலை வைக்கிறது எண்டு முடிவெடுக்கிறவர் முதலாளி. 96, 97இலை சாட்டர்ன் எங்கடை கடையிலை கணுக்கால் உயரத்துக்கு இறங்கிட்டுது.

ஆனா நெல்லை சொல்லுறதிலையும் உண்மை இருக்கு. 99இலையும் நான் அங்கைதான் நிண்டனான். ட்ரீம்காஸ்ட் டெமோவிலை சோனிக்கை ஓடவிட்டுக்கொண்டே, டீவியிலை இருந்து கண்ணை எடுக்காமல், “பிஎஸ்2 எப்ப வருகுது?” எண்டு கேட்பாங்கள்.

திரிகோணம் · இரவு 10:31

கிராஃபிக்ஸ் நிரல் எழுதிப் பிழைக்கிறவள் என்ற முறையில் உள்ளே வருகிறேன். வாங்குகிறவர், விற்கிறவர் இருவரையும் பேசிவிட்டீர்கள். கேம் எழுதுகிறவரை யாரும் கேட்கவில்லை.

முப்பரிமாண உருவத்தை முக்கோணங்களால் கட்டுவதுதான் வழக்கம். காரணம் எளிது. முக்காலியை எந்தக் கரடுமுரடான தரையில் வைத்தாலும் ஆடாது, நான்கு கால் நாற்காலி ஆடும். மூன்று புள்ளிகள் எப்போதும் ஒரே தளத்தில் உட்காரும். நான்காவது புள்ளி வந்தால் தளம் வளையலாம். பிளேஸ்டேஷன் முக்கோணம் வரைந்தது. சாட்டர்னோ நாற்கோணம் வரைந்தது. அதாவது தட்டையான படத்தை நான்கு மூலையிலும் பிடித்து இழுத்து வளைக்கும் இயந்திரம் அது. 2டி கேமுக்குத் தேவாமிர்தம். 3டி என்றால் வேறு பெட்டிக்கு எழுதியதை அப்படியே கொண்டுவர முடியாது.

போதாததற்கு ஹிட்டாச்சியின் எஸ்எச்-2 செயலி இரண்டு. இரண்டும் நினைவகத்துக்குப் போக ஒரே பாதை. ஒற்றையடிப் பாலத்தில் இரண்டு மாட்டுவண்டி. ஒன்று போகும்போது மற்றது நிற்க வேண்டும். இரண்டையும் ஒழுங்காக ஓட்டத் தெரிந்தவர்கள் செகாவின் சொந்தக் குழுக்களில்தான் அதிகம் இருந்தார்கள்.

சாட்டர்ன் கேமை நல்ல திரையில் உற்றுப் பார்த்திருக்கிறீர்களா? உருவங்களில் கண்ணாடி போல ஊடே தெரிகிற விளைவைக் கொண்டுவருவது அதில் பெரிய பாடு. அதனால் காருக்கு அடியில் விழும் நிழலை ஒரு புள்ளி கறுப்பு, ஒரு புள்ளி காலி என்று கொசுவலை மாதிரி போட்டிருப்பார்கள். அந்தக் காலத்து டிவியின் மங்கலில் அது நிழலாகவே தெரிந்தது. இன்றைய திரையில் கொசுவலையாகவே தெரிகிறது.

இனி ஜப்பான் புதிர். நெல்லை கேட்டது நல்ல கேள்வி. சாட்டர்ன் அங்கே ஓடியது சண்டை கேம்களால், வீடியோ கேம் கூடங்களிலிருந்து வீட்டுக்கு வந்த கேம்களால். ஆனால் ஜப்பானில் ஊரே வாங்கும் கேம் என்றால் இரண்டு பெயர்: ஃபைனல் ஃபேன்டசி, டிராகன் குவெஸ்ட். 1997 ஜனவரியில் இரண்டுமே சோனி வீட்டுக்குப் போய்விட்டன. ஏழாவது ஃபைனல் ஃபேன்டசி ஜனவரி 31 அன்று பிளேஸ்டேஷனில் வெளியானது, ஏழாவது டிராகன் குவெஸ்ட்டும் பிளேஸ்டேஷனுக்குத்தான் என்று அதே மாதம் அதை வெளியிடும் எனிக்ஸ் அறிவித்தது. ஜப்பானில் ஆட்டம் முடிந்தது அந்த மாதம். ட்ரீம்காஸ்ட் பிறக்க இன்னும் இருபத்திரண்டு மாதம் இருக்கிறது.

(தேதிப் பிரியர் சனிப்பெயர்ச்சிக்கு ஒரு கொசுறு: ட்ரீம்காஸ்டை நிறுத்துவதாக அறிவித்ததும் ஒரு ஜனவரி 31. சரியாக நான்கு வருடம்.)

அமெரிக்காவில் அதே வேலையைச் செய்தது இஏ. ஆண்டுதோறும் மேடன் என்ற அமெரிக்கக் கால்பந்து கேமை விற்கும் அந்த நிறுவனம் ட்ரீம்காஸ்டுக்கு ஒரு கேம்கூடப் போடவில்லை. விளையாட்டு கேம்களில் தனி உரிமை கேட்டார்கள், செகா மறுத்தது என்பது அப்போது செகா அமெரிக்காவை நடத்திய பெர்னி ஸ்டோலர் பின்னாளில் சொன்னது. செகா ஏற்கெனவே விஷுவல் கான்செப்ட்ஸ் என்ற குழுவை வாங்கியிருந்தது. அதே ஆட்டத்துக்கு அவர்கள் செய்த என்எஃப்எல் 2கே உண்மையிலேயே நல்ல கேம். ஆனால் மேடன் வேண்டும் என்று வருகிறவனுக்கு அதைவிட நல்லதைக் கொடுத்தாலும் மேடன் கொடுத்ததாக ஆகாது.

தெம்பனிஸ்_வாசி · இரவு 10:58

எல்லாரும் பெரிய பெரிய விஷயமா பேசுறீங்க. தெருவுல நடந்தது வேற. திருட்டு டிஸ்க்குதான் கொன்னுச்சு.

இசை சிடியில கொஞ்சம் படமும் மெனுவும் சேர்த்து ட்ரீம்காஸ்ட்ல போடலாம்னு செகா மில்-சிடின்னு ஒண்ணு வச்சிருந்தாங்க. அந்த ஜன்னல் வழியா திருடன் உள்ள வந்துட்டான். 2000 நடுவுல யுடோப்பியான்னு ஒரு பூட் டிஸ்க் வந்துச்சு. முதல்ல அதைப் போடணும், அப்புறம் கேமைப் போடணும். கொஞ்ச நாள்ல அதுவும் தேவையில்லாமப் போச்சு. சாதாரண சிடியில எழுதினா நேரா ஓடும். பெட்டியைத் திறக்க வேணாம், சிப் வைக்க வேணாம், ஈயம் பத்த வைக்க வேணாம். ஜிடி-ராம் கேம் சிடிக்குள்ள அடங்காட்டி நடுவுல வர்ற வீடியோவைச் சுருக்கிடுவாங்க, இல்ல பாட்டைத் தூக்கிடுவாங்க. என் பக்கத்து பிளாக் அண்ணன்கிட்ட ஒரு பை நிறைய இருந்துச்சு, எல்லாத்துலயும் மார்க்கர்ல கையால பேர் எழுதியிருக்கும். அவர் காசு கொடுத்து வாங்கின ஒரே அசல், பெட்டியோட வந்ததுதான்.

பெட்டியில நஷ்டம், கேம்ல லாபம்னு நடத்துற வியாபாரத்துல கேமே சும்மா கிடைச்சா?

நெல்லைக்_கன்ட்ரோலர் · இரவு 11:10

தம்பி, திருட்டு டிஸ்க்தான் கொல்லும்னா முதல்ல செத்திருக்க வேண்டியது முதல் பிளேஸ்டேஷன். எங்க ஊர்ல சிப் போடாத பிளேஸ்டேஷனை நான் கண்ணால கண்டதில்ல. அது 10 கோடிக்கு மேல வித்துச்சு. பிஎஸ்2-க்கும் அதே கதைதான், 15 கோடிக்கு மேல.

யுடோப்பியா வந்தது 2000 நடுவுல. ஜப்பான்ல ட்ரீம்காஸ்ட் அதுக்கு முன்னாடியே படுத்தாச்சு. பொணத்துக்கு மேல கல்லு எறிஞ்சவன கொலைகாரன்னு சொல்லக் கூடாது.

திரிகோணம் அக்கா, முக்காலி உவமை அருமை. ஆனா ஒரு சந்தேகம். கேம் எழுதக் கஷ்டம்னா பெட்டி தோக்கும்னு சொல்லுதீங்க. பிஎஸ்2 மட்டும் லேசா?

திரிகோணம் · இரவு 11:24

இல்லை, பிஎஸ்2-வும் பேய்தான். உள்ளே வியூ0, வியூ1 என்று இரண்டு வெக்டர் அலகுகள், அவற்றுக்குத் தனியாக நிரல் எழுத வேண்டும். படத்துக்கென்று இருந்த நினைவகம் வெறும் 4 எம்பி. முதல் வருடத்து கேம்களில் ஓரங்கள் ரம்பப் பல் மாதிரி இருக்கும், ட்ரீம்காஸ்ட் படம் அதைவிடச் சுத்தமாக இருந்தது. ட்ரீம்காஸ்டோ சாட்டர்னிலிருந்து பாடம் படித்த பெட்டி: ஒரே செயலி, எஸ்எச்-4, 200 மெகாஹெர்ட்ஸ். வரைவதற்கு பவர்விஆர். மறைந்திருப்பதை வரையாமல் விடுகிற கெட்டிக்காரச் சில்லு. எழுதுவதற்கு நிம்மதி.

ஆனால் கஷ்டமான பெட்டிக்கு எழுத ஒரு கம்பெனி எப்போது சம்மதிக்கும்? கோடிக்கணக்கில் விற்கும் என்று நம்பினால் சம்மதிக்கும். சோனிமேல் அந்த நம்பிக்கை இருந்தது. செகா 32எக்ஸை ஆரம்பித்துக் கைவிட்டது. சாட்டர்ன் கடைகளில் இருக்கும்போதே, 1997 இ3-யில், “சாட்டர்ன் எங்கள் எதிர்காலம் இல்லை” என்று ஸ்டோலரே வாய்விட்டுச் சொன்னார். அப்போது சாட்டர்னுக்கு எழுதிக்கொண்டிருந்தவர்களை நினைத்துப் பாருங்கள்.

ட்ரீம்காஸ்டின் சில்லைத் தேர்ந்தெடுத்த கதையிலும் அதேதான். அமெரிக்காவில் ஒரு குழு 3டிஎஃப்எக்ஸ் கம்பெனியின் சில்லோடு, ஜப்பானில் ஒரு குழு பவர்விஆரோடு. அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் ஒரே வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டினார்கள். 3டிஎஃப்எக்ஸ் பங்குச் சந்தைக்குப் போகும்போது ஒப்பந்தம் வெளியே தெரிந்தது. 1997 ஜூலையில் செகா அதை வெட்டிவிட்டது, வழக்கு வந்தது, சமரசத்தில் முடிந்தது.

நெறியாளர் · இரவு 11:30

எக்ஸ்பாக்ஸ் பற்றிய இரண்டு பதிவுகளை நகர்த்தியிருக்கிறேன். அது 2001 நவம்பரில் வந்த பெட்டி. இறந்தவர் வீட்டில் அதற்குப் பிறகு பிறந்தவரைச் சந்தேகிக்க வேண்டாம்.

சனிப்பெயர்ச்சி · இரவு 11:52

நெல்லையின் ஜப்பான் கேள்விக்கு எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. திரிகோணம் சொன்ன பிறகுதான் விளங்கியது. வாங்குகிறவன் மறந்துவிட்டான் என்ற ஸ்கார்பரோக்காரரின் வாக்குமூலத்தையும் ஏற்கிறேன். ‘மாடிக்குக் காசு கொடுத்தவன்’ வாதத்தை வாபஸ் வாங்குகிறேன்.

ஆனால் சனியை விட மாட்டேன். கல்லாப்பெட்டியைத் திறந்து பாருங்கள்.

1998 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் செகாவின் நஷ்டம் 3,560 கோடி யென். ட்ரீம்காஸ்ட் அப்போது கடைக்கே வரவில்லை. பிஎஸ்2 காகிதத்தில்கூட ஊருக்குத் தெரியாது. 1997 ஜனவரியில் பொம்மைக் கம்பெனி பண்டாயோடு இணைகிறோம் என்று அறிவித்தார்கள், மே மாதமே அந்தச் சம்பந்தம் முறிந்தது. 2000 மார்ச்சில் பிஎஸ்2 ஜப்பானில் இறங்குவதற்கு முன்பே இரண்டு வருடக் கணக்கு சிவப்பு மையில் மூடப்பட்டுவிட்டது. சோனி வந்தபோது செகாவின் கையில் இருந்தது ஒரே ஒரு தோட்டா.

இசாவோ ஓகாவா என்ற மனிதரை இங்கே சொல்லியாக வேண்டும். செகாவின் தலைவர். பெட்டி செய்வதை விட்டுவிட்டு கேம் மட்டும் செய்வோம் என்ற யோசனையை ஆதரித்தவர். கம்பெனி மூழ்காமல் இருக்கத் தன் சொந்தச் சொத்திலிருந்து சுமார் 8,500 கோடி யென் அளவுக்குப் பங்குகளையும் தனக்கு வர வேண்டிய கடனையும் செகாவுக்கே விட்டுக்கொடுத்தார். 2001 மார்ச் 16 அன்று இறந்துபோனார். ட்ரீம்காஸ்ட் உற்பத்தி நிற்க இன்னும் பதினைந்து நாள்.

இப்படி ஒருவர் கைக்காசைப் போட்டுத்தான் காப்பாற்ற வேண்டியிருந்தது என்றால், நோய் 97 நாளில் வந்ததும் இல்லை, நெல்லை சொல்லும் இரண்டு வருடத்தில் வந்ததும் இல்லை.

நெல்லைக்_கன்ட்ரோலர் · நள்ளிரவு 12:14

ஓகாவா விஷயத்துல நான் வாயைத் திறக்க மாட்டேன். பெரிய மனுசன்.

ஆனா கடைசியா ஒண்ணு. 2000 கிறிஸ்துமஸ். அமெரிக்காவுல முதல் நாள் 10 லட்சம் பிஎஸ்2 இறக்குறதா இருந்த சோனி, உற்பத்தி தகராறுல 5 லட்சம்தான் இறக்குனான். கடையில பெட்டியே இல்ல. செகாவுக்கு லட்டு மாதிரி ஒரு வாய்ப்பு. ஆகஸ்ட் கடைசியிலயே ட்ரீம்காஸ்ட் விலைய 149-க்குக் கொண்டாந்தாச்சு. செப்டம்பர்ல ஆன்லைன் ஆட்டத்துக்கு செகாநெட் தொறந்தாச்சு. பெட்டிக்குள்ளயே மோடம் இருக்கு, அந்தக் காலத்துல எவன் குடுத்தான்? வருசம் முடியறதுக்குள்ள அமெரிக்காவுல 50 லட்சம் பெட்டி வித்தாத்தான் தாக்குப் பிடிக்க முடியும்னு அங்க பொறுப்புல இருந்த பீட்டர் மூர் சொல்லிட்டாரு. 30 லட்சம் பக்கத்துல நின்னுச்சு.

பிஎஸ்2 கிடைக்காதவன் ட்ரீம்காஸ்ட் வாங்கியிருக்கலாம்லா? வாங்கலையே! வெறுங்கையோட வீட்டுக்குப் போயி, பிஎஸ்2 வரட்டும்னு உக்காந்திருந்தான். அலுமாரியில இல்லாத பெட்டி, அலுமாரியில இருந்த பெட்டியைத் தோக்கடிச்சுச்சு. கல்லாவுல காசு இருந்திருந்தா மட்டும் அந்த ஆளை வாங்க வச்சிருக்க முடியுமா? இதுக்குப் பேரு சோனி இல்லாம சனியா?

பனிமனிதன்_ஸ்கார்பரோ · நள்ளிரவு 12:26

உதை நான் கண்ணாலை கண்டனான். எங்கடை கடையிலை முன்பதிவுப் பேர் எழுதின கொப்பி ஒண்டு கல்லாவுக்குப் பக்கத்திலை கிடந்தது, கிறிஸ்துமஸ் வரைக்கும் அதிலை பேர் ஏறிக்கொண்டே இருந்தது. பக்கத்திலை ட்ரீம்காஸ்ட் அடுக்கி வைச்சிருந்தது. ஒருத்தரும் திரும்பிப் பார்க்கேல்லை எண்டு சொல்ல மாட்டன், பார்த்தவை. விலையைப் பார்த்துட்டு, அப்பிடியே கொப்பியிலை பேரை எழுதிட்டுப் போனவை.

இண்டைக்கு இந்தத் திரியைப் பார்த்துட்டு என்ரை ட்ரீம்காஸ்டை மேலை இருந்து இறக்கினன். பட்டனை அமத்தினதும் “பீ…” எண்டு ஒரு நீளச் சத்தம். மகள் ஓடிவந்து என்ன எரியுது எண்டு கேட்டாள்.

திரிகோணம் · நள்ளிரவு 12:33

எரியவில்லை. கன்ட்ரோலரில் செருகியிருக்கிற விஎம்யூ, அதாவது குட்டித் திரை வைத்த அந்த மெமரி கார்டு, பேட்டரி தீர்ந்தால் அப்படித்தான் அழும். சிஆர்2032 இரண்டு வாங்கிப் போடுங்கள், நின்றுவிடும். போடாவிட்டாலும் கேம் ஓடும், கன்ட்ரோலரிலிருந்து மின்சாரம் எடுத்துச் சேமித்தும் கொள்ளும். அந்த அழுகையை மட்டும் ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டியிருக்கும்.

நெல்லைக்_கன்ட்ரோலர் · நள்ளிரவு 12:40

தலைப்பு வச்ச அண்ணாச்சிக்கு ஒரு கணக்கு. சாட்டர்ன் பிறந்தது 1994 நவம்பர். ட்ரீம்காஸ்ட் நின்னது 2001 மார்ச். ஆறேகால் வருசம் சொச்சம்தான் வருது. ஏழரைக்கு இன்னும் ஒரு வருசம் மேல குறையுதே? உங்க ஜோசியமே தப்பு.

சனிப்பெயர்ச்சி · நள்ளிரவு 12:58

பெட்டி நின்ற நாளில் சனி விலகியது என்று யார் சொன்னது? 1994 நவம்பரோடு ஏழரையைக் கூட்டுங்கள், 2002 மே வருகிறது. 2002 மார்ச்சில் முடித்த கணக்கிலும் செகாவுக்கு நஷ்டம்தான், வரிசையாக ஐந்தாவது வருடம். அதற்கு அடுத்த கணக்கில்தான் லாபத்தைப் பார்த்தார்கள். ஏழரை முடிந்ததும் சனி கிளம்பிவிட்டது. பஞ்சாங்கம் பிசகவே இல்லை.

நெல்லைக்_கன்ட்ரோலர் · நள்ளிரவு 1:03

சரிதான். சாட்டர்னோட ஜப்பான்ல முதல் நாள் வந்த கேம் வர்ச்சுவா ஃபைட்டர். அதோட நாலாம் பாகத்தை 2002 ஜனவரியில செகா எந்தப் பெட்டிக்குப் போட்டான்னு பாத்துச் சொல்லுங்க அண்ணாச்சி. பிஎஸ்2.